மணலி யார்டுக்கு சான் ஸ்டோரேஜ்: ஒரே ஸ்விட்ச் போதும் என்கிறார் டீலர், சரியா?

யார்டு_ஐடி

வணக்கம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் அதனதன் உள்ளேயே. கேட் பதிவு, எடைமேடை, எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், டாலி, ஃபைல் ஷேர் எல்லாம் இவற்றில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு சர்வர் படுத்தால் அதில் இருக்கும் வேலை முழுக்க நின்றுவிடும். கேட் நின்றால் டிரெய்லர்கள் சாலையில் வரிசை கட்டும். அப்புறம் முதலாளிக்கு எங்கிருந்தெல்லாம் போன் வரும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான்கு புது சர்வர், ஹைப்பர்-வி கிளஸ்டர் (ஒரு சர்வர் படுத்தால் அதன் வேலை அடுத்ததில் எழும்), நான்குக்கும் பொதுவான டிஸ்க், அதாவது சான் (சர்வர்களையும் டிஸ்க்கையும் இணைக்கும் தனி நெட்வொர்க்) என்று முடிவு. டீலர் கொடுத்த கொட்டேஷன் இது: ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு போர்ட் உள்ள 16 ஜி ஹெச்பிஏ (சர்வரைச் சானோடு இணைக்கும்) கார்டு ஒன்று. 24 போர்ட் ஃபைபர் சேனல் (சானுக்கென்றே உள்ள இணைப்பு முறை) ஸ்விட்ச் ஒன்று. இரட்டை கன்ட்ரோலர் ஸ்டோரேஜ் ஒன்று, கன்ட்ரோலருக்கு நான்கு போர்ட். அதில் 12 டிபி டிஸ்க் பன்னிரண்டு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் முறை). அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ரேக். 350 மீட்டர் பின்னால் கிடங்குக் கட்டடம் இருக்கிறது. நாளைக்கு அங்கேயும் ஒரு சர்வர் வைத்து இதே டிஸ்க்கோடு கோர்த்துவிடலாம் என்கிறார். சிசிடிவி பதிவையும் இதிலேயே போடலாமாம்.

சான் எனக்குப் புதிது. கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

தண்டையார்_ஃபைபர்

தம்பி, கையெழுத்துப் போட வேண்டாம். சர்வர் நான்கு, கன்ட்ரோலர் இரண்டு, ஹெச்பிஏ போர்ட் இரண்டு என்று எல்லாவற்றையும் இரட்டையாக வாங்கிவிட்டு, அத்தனை வயரையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகச் சொல்கிறார். முன்பு ஒரு சர்வர் போனால் ஒரு வேலை நின்றது. இனி அந்த ஸ்விட்ச் போனால் நான்கு சர்வரும் ஒரே நொடியில் டிஸ்க்கை இழக்கும். இப்போது இருப்பதைவிட மோசம்.

மற்றதைப் பேசும் முன் சில எண்கள் வேண்டும். இன்றைய மொத்தத் தரவு எவ்வளவு? சிசிடிவியைக் கழித்துச் சொல்லுங்கள். உச்ச நேரத்தில் டிஸ்க்கில் நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து (ஐஓபிஎஸ்)? விண்டோஸ் பெர்ஃப்மானிலேயே பார்க்கலாம். லைவ் ஆப்டிக்ஸ் என்ற இலவசக் கருவியை ஒரு வாரம் ஓடவிட்டால் அறிக்கையாகவே வந்துவிடும். மாதக் கடைசி அந்த வாரத்தில் வரட்டும், டாலி அப்போதுதான் மூச்சு வாங்கும். அப்புறம், இரண்டு வருடத்தில் எத்தனை சர்வர் கூடும்?

மின்ட்_கணக்கு

எல்லோரும் ஸ்விட்ச்சைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. சான் எதற்கு? எஸ்க்யூஎல் சர்வர் 2016 முதல் ஸ்டாண்டர்டு பதிப்பிலேயே பேசிக் அவைலபிலிட்டி குரூப் (டேட்டாபேஸின் நகலை இன்னொரு சர்வரில் வைக்கும் வசதி) இருக்கிறது. இரண்டு சர்வர், இரண்டிலும் சொந்த டிஸ்க். ஒரு குரூப்பில் ஒரு டேட்டாபேஸ்தான் வைக்கலாம், ஆனால் குரூப்புகள் பல வைத்துக்கொள்ளலாம். மற்ற விர்ச்சுவல் மெஷின்களுக்கு (சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள்) ஹைப்பர்-வி ரெப்ளிகா, அதாவது இன்னொரு சர்வரில் நகல். ஸ்டோரேஜ், ஸ்விட்ச், ஹெச்பிஏ எதற்கும் செலவில்லை. பொது டிஸ்க் என்று ஒன்றை வாங்கினால் எல்லாத் தரவும் ஒரே பெட்டிக்குள் போகிறது என்பதையும் யோசியுங்கள். கன்ட்ரோலர் இரண்டு இருந்தாலும் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஒன்றுதான்.

பெரம்பூர்_லோகோ

மாணவன் கேள்வி, கோபிக்க வேண்டாம். பொது டிஸ்க் என்றால் நான்கு சர்வரும் ஒரே ஃபோல்டரைத் திறந்து எழுதலாம், அவ்வளவுதானே? அதற்கு நெட்வொர்க் ஷேர் போதாதா அண்ணா?

ராயபுரம்_ரெய்டு

நல்ல கேள்வி, இங்கேதான் பலரும் டேட்டாவைப் பறிகொடுக்கிறார்கள். நெட்வொர்க் ஷேரில் ஃபைல் சிஸ்டம் ஒரு சர்வரிடம் இருக்கிறது. மற்றவர்கள் அதனிடம் ஃபைலைக் கேட்டு வாங்குகிறார்கள். சான் தருவது ஃபைல் கிடையாது. வெறும் டிஸ்க், அதாவது லன். சர்வர் அதைத் தன் சொந்த டிஸ்க் என்றே நினைக்கும். ஒரே லன்னை இரண்டு சர்வருக்கும் காட்டி இரண்டிலும் சாதாரண என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) என்று திறந்தால், ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதுவது போல ஆகிவிடும். காலியாக இருக்கிறது என்று இருவரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள். டிஸ்க் பிழையே காட்டாது. தரவு மட்டும் குழம்பியிருக்கும்.

எழுதுகிறவர்களை ஒழுங்குபடுத்த மேலே ஒரு அடுக்கு வேண்டும். ஹைப்பர்-வி கிளஸ்டரில் அது கிளஸ்டர் ஷேர்டு வால்யூம். விஎம்வேரில் விஎம்எஃப்எஸ், லினக்ஸில் ஜிஎஃப்எஸ்2, ஆரக்கிளில் ஏஎஸ்எம். யார்டு_ஐடி, லன்னைக் கிளஸ்டரில் சேர்க்கும் முன் "சும்மா பார்க்கலாம்" என்று இரண்டாவது சர்வரின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆன்லைன் போட்டுவிடாதீர்கள்.

யார்டு_ஐடி

அறிக்கை வந்துவிட்டது. சிசிடிவி நீங்கலாக 7 டிபி. உச்சத்தில் 3000 ஐஓபிஎஸ், அதில் எழுத்து 30 சதவீதம். சிசிடிவி தனியாக 40 டிபி. அடுத்த வருடம் இன்னும் இரண்டு சர்வர் வரும் என்று முதலாளி சொல்கிறார்.

மின்ட் சார், நீங்கள் சொன்னதை யோசித்தேன். டேட்டாபேஸுக்குச் சரி. ஆனால் எங்களிடம் சின்னச் சின்னதாக விர்ச்சுவல் மெஷின்கள் நிறைய. ரெப்ளிகாவில் யாராவது ஒருவர் உட்கார்ந்து மாற்றிவிட வேண்டும், ராத்திரி ஷிஃப்டில் அதற்கு ஆள் கிடையாது. கிளஸ்டர் என்றால் தானாக அடுத்த சர்வரில் எழுந்துவிடுமே.

மின்ட்_கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி ஆள் இல்லை என்பது நியாயமான காரணம். ஆனால் அந்த 40 டிபி சிசிடிவியைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், யாரும் படிக்கப் போவதில்லை. அது என்விஆரிலேயே (கேமரா பதிவுப் பெட்டி) சொந்த டிஸ்க்கில் கிடக்கட்டும்.

ராயபுரம்_ரெய்டு

எண் கிடைத்ததும் டீலரின் டிஸ்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

7200 சுற்று டிஸ்க் ஒன்று சுமார் 75 ஐஓபிஎஸ் தரும். பன்னிரண்டும் சேர்ந்து 900. ரெய்டு 5இல் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் நான்கு செயல்கள்: பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியை (தரவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) படி, இரண்டையும் புதிதாக எழுது. 30 சதவீதம் எழுத்து இருந்தால் வெளியே கிடைப்பது 900ஐ 1.9ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 470. உங்களுக்குத் தேவை 3000. கேச் (வேகமான தற்காலிக நினைவகம்) கொஞ்சம் தாங்கும், மாதக் கடைசியில் தாங்காது. இன்னொரு பக்கம் கொள்ளளவு 144 டிபி, உங்களிடம் இருப்பதோ 7. இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு வேகத்தில் கை வைத்திருக்கிறார்.

இன்னொன்று. 12 டிபி டிஸ்க் ஒன்று போனால் புது டிஸ்க்கில் திரும்பக் கட்ட வேண்டும். நொடிக்கு 150 எம்பி என்று தங்குதடையில்லாமல் எழுதினாலே 22 மணி நேரம். நடைமுறையில் வேலையும் ஓடுவதால் அதைவிட அதிகம். அந்த நேரம் முழுக்க ரெய்டு 5க்கு இரண்டாவது காப்பு கிடையாது. இவ்வளவு பெரிய டிஸ்க்கில் ரெய்டு 5 போடவே கூடாது.

3.84 டிபி எஸ்எஸ்டி எட்டு கேளுங்கள். ஏழில் ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்), ஒன்று ஹாட் ஸ்பேர் (தயாராக நிற்கும் உதிரி). 19 டிபி கிடைக்கும். ரெய்டு 6இல் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஆறு செயல்கள், அதாவது உங்கள் 3000க்குப் பின்னால் 7500 செயல்கள். எஸ்எஸ்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வியாசை_வீலான்

3000 ஐஓபிஎஸ், 8 கேபி என்று வைத்தால் நொடிக்கு 24 எம்பி. 64 கேபி என்றே வைத்தாலும் 200 எம்பிக்குள். இதற்கு நொடிக்கு 1600 எம்பி போகும் ஃபைபர் சேனல் எதற்கு? ஐஸ்கசி (சாதாரண ஈதர்நெட் வழியே டிஸ்க்கைத் தருவது) போடுங்கள். 10 ஜி ஈதர்நெட் கார்டு சர்வரிலேயே வரும். ஸ்விட்ச் விலை குறைவு, தெரிந்த ஆட்களும் அதிகம். ஜோனிங் (எந்தப் போர்ட் எதைப் பார்க்கலாம் என்ற எல்லை), டபிள்யூடபிள்யூஎன் (சாதனத்தின் அடையாள எண்) என்று புதிதாக எதையும் படிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஐஸ்கசிக்குத் தனியாக இரண்டு ஸ்விட்ச். ஒவ்வொன்றுக்கும் வேறு சப்நெட் (ஐபி வரம்பு). சர்வரின் இரண்டு போர்ட்டையும் டீமிங் செய்து ஒன்றாக்காமல் தனித்தனி ஐபி கொடுத்து எம்பிஐஓவிடம் (பல வழிகளை நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி) விட்டுவிடுங்கள். ஜம்போ ஃபிரேம் (1500க்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போடுவதானால் சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் போடுங்கள். போட்டது உண்மையா என்று பார்க்க, துண்டாக்காதே என்ற தேர்வோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து சரியாக 9000 ஆகும். நடுவில் ஒரு இடத்தில் 1500 இருந்தாலும் பிங் நின்றுவிடும். இந்தச் சோதனை இல்லாமல் ஒப்படைத்தால், லாகின் எல்லாம் சரியாக நடக்கும், பெரிய ஃபைல் எழுதும்போது மட்டும் தொங்கும். காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

தண்டையார்_ஃபைபர்

வீலான் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. தனி ஸ்விட்ச் என்று அவர் சொன்னதை அப்படியே செய்தால் ஐஸ்கசி நன்றாக ஓடும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஈதர்நெட் ஸ்விட்ச்சில் காலி போர்ட் இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது வந்து செருகுவார்கள். யார்டு_ஐடி, உங்கள் இடத்தில் கேமரா ஆள், வைஃபை ஆள், எடைமேடை ஆள் எல்லோரும் ரேக்கைத் திறப்பார்களா இல்லையா?

யார்டு_ஐடி

திறப்பார்கள். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது.

தண்டையார்_ஃபைபர்

அதுதான். ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சில் கேமரா வயரைச் செருக முடியாது. எனக்கு அது ஒரு பெரிய வசதி.

தொழில்நுட்பமாகவும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபைபர் சேனலில் எதிர்ப்பக்கம் "எனக்கு இத்தனை ஃபிரேமுக்கு இடம் இருக்கிறது" என்று கிரெடிட் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் அனுப்பும். அதனால் நெரிசலில் ஃபிரேம் கீழே விழுவதில்லை. ஈதர்நெட்டில் பஃபர் நிரம்பினால் பாக்கெட் விழும், டிசிபி மறுபடி அனுப்பும், டேட்டாபேஸ் அந்த நேரம் காத்திருக்கும்.

வியாசை_வீலான்

அதே கிரெடிட்தான் தலைவலியும் தரும் அண்ணே. ஒரு சர்வர் மெதுவாக வாங்கினால் கிரெடிட் திரும்பாது, பின்னால் எல்லோரும் தேங்குவார்கள். ஸ்லோ டிரெயின் என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. ஈதர்நெட்டில் விழுந்த பாக்கெட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். இதைக் கண்டுபிடிக்கப் பழகிய ஆள் வேண்டும்.

நான்கு சர்வருக்கு இது வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சாவி விஷயத்துக்காகவே ஃபைபர் சேனலுக்கு ஓட்டுப் போடலாம் போல இருக்கிறது.

மின்ட்_கணக்கு

ஸ்விட்ச்சே வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. கன்ட்ரோலருக்கு நான்கு போர்ட், சர்வர் நான்கு. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு வயர் முதல் கன்ட்ரோலருக்கு, ஒரு வயர் இரண்டாவதுக்கு. நேரடி இணைப்பு. ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இதற்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போக ஸ்விட்ச்சே இல்லை என்றால் கெட்டுப்போகாது.

தண்டையார்_ஃபைபர்

நான்கோடு நின்றுவிடும் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். அடுத்த வருடம் இரண்டு சர்வர் என்று முதலாளி சொல்லிவிட்டாரே. ஐந்தாவது சர்வருக்குப் போர்ட் இல்லை. அப்போது ஓடுகிற கிளஸ்டரை நிறுத்திவிட்டு ஸ்விட்ச்சை நடுவே நுழைக்க வேண்டும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு ஸ்விட்ச். ஏ, பி என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருபோதும் ஒன்றோடொன்று வயர் போட்டு இணைக்கக் கூடாது. காலி போர்ட் இருக்கிறதே என்று டீலரின் பையன் இணைத்துவிடுவான், எச்சரிக்கையாக இருங்கள். இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே ஃபேப்ரிக் (ஸ்விட்ச் வலை) ஆகிவிடும். ஒரு பக்கம் செய்த ஜோனிங் தப்பு மறுபக்கமும் பரவும். தனித்தனியாக இருந்தால் ஒரு மாற்றத்தை ஏயில் செய்துவிட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு, பியில் செய்யலாம்.

சர்வரில் இரண்டு போர்ட் உள்ள ஒரு கார்டு வேண்டாம், ஒரு போர்ட் உள்ள இரண்டு கார்டு கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். கார்டு போனாலும் வழி இருக்கும். ஒன்று ஏவுக்கு, ஒன்று பிக்கு.

ஸ்டோரேஜில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். முதல் கன்ட்ரோலரின் நான்கு போர்ட்டும் ஏவுக்கு, இரண்டாவதன் நான்கும் பிக்கு என்று போட்டால் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஸ்விட்ச் ஏ போனால் முதல் கன்ட்ரோலரும் கூடவே மறைந்துவிடும்; அதன் பொறுப்பிலிருந்த லன்கள் எல்லாம் மறுபக்கம் தாவ வேண்டும். ஆகவே ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் இரண்டு ஏவுக்கு, இரண்டு பிக்கு.

இப்போது ஒரு ஸ்விட்ச்சில் சர்வர் நான்கு, ஸ்டோரேஜ் நான்கு, ஆக எட்டு போர்ட். ஜோனிங்: ஒரு ஜோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட்தான். அதோடு ஸ்டோரேஜ் போர்ட் இரண்டு, கன்ட்ரோலருக்கு ஒன்று வீதம். ஒன்றாம், மூன்றாம் சர்வருக்கு முதல் ஜோடி. இரண்டாம், நான்காம் சர்வருக்கு அடுத்த ஜோடி. ஒரு ஃபேப்ரிக்கில் நான்கு ஜோன், ஒவ்வொரு சர்வருக்கும் மொத்தம் நான்கு வழி. எட்டு வழி வேண்டும் என்று எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்காதீர்கள். வேகம் கூடாது, ஒரு போர்ட் ஆடினால் தேட வேண்டிய இடம்தான் கூடும்.

ஜோனில் டபிள்யூடபிள்யூபிஎன் (கார்டு போர்ட்டின் அடையாள) எண்ணைப் போடுங்கள், ஸ்விட்ச் போர்ட் எண்ணை வேண்டாம். வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் ஜோன் வேலை செய்யும். 16 இலக்கத்தை யாரும் கையால் தட்டாதீர்கள், ஸ்விட்ச்சில் உள்நுழைந்த பட்டியலிலிருந்து நகலெடுத்து, சர்வர் பெயரோடு ஒரு புனைபெயர் வைத்துவிடுங்கள். கடைசியாக ஸ்டோரேஜிலும் எந்த லன் எந்த சர்வர்களுக்கு என்று பூட்டு போட வேண்டும். ஜோன் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

பெரம்பூர்_லோகோ

நான்கு வழி என்றால் சர்வர் எப்படித் தெரிந்துகொள்ளும்? கல்லூரி லேபில் செய்தபோது ஒரே டிஸ்க் நான்கு டிஸ்க்காகத் தெரிந்தது.

ராயபுரம்_ரெய்டு

எம்பிஐஓ போடாமல் செய்திருப்பீர்கள் தம்பி. விண்டோஸ் சர்வரில் அது தானாக வராது, சேர்க்க வேண்டும். லினக்ஸில் டிஎம் மல்டிபாத். நான்கு வழியிலும் தெரிவது ஒரே லன் என்று அதன் அடையாள எண்ணை வைத்துக் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். எந்த வழி நேராகப் பொறுப்பான கன்ட்ரோலருக்குப் போகிறது என்பதை ஆலுவா என்ற நெறிமுறை மூலம் ஸ்டோரேஜே சொல்லும். அந்த வழிகளில் மாறி மாறி அனுப்பும், மற்றவை சும்மா காத்திருக்கும்.

யார்டு_ஐடி, சிறியதாக ஒரு ஜிபி லன் ஒன்று தனியாக வையுங்கள், கிளஸ்டர் விட்னஸுக்கு. நான்கு என்பது இரட்டை எண். இரண்டு இரண்டாகப் பிரிந்தால் யார் ஓட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு ஓட்டு வேண்டும்.

எண்ணூர்_அக்கா

எல்லோரும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறீர்கள். அறையைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

நான் இந்தப் பக்கம் தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் ரூம் பார்க்கிறவள். மணலி, எண்ணூர் காற்றில் உப்பும் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. இங்கே வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சர்க்யூட் போர்டிலும் வெள்ளி இருக்கிறது. 2006இல் ஐரோப்பா ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, போர்டுகளின் மேல்பூச்சில் வெள்ளி பூசுவது அதிகமானது. கந்தக வாயு பட்டால் சல்ஃபைடு ஊர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொடும், ஷார்ட் ஆகும். காரணம் தெரியாமல் மதர்போர்டும் பவர் சப்ளையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதற்கு ஐஎஸ்ஏ 71.04 என்று ஒரு தரநிலை இருக்கிறது. செம்புத் தகடு, வெள்ளித் தகடு இரண்டையும் அறையில் ஒரு மாதம் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவு செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், வெள்ளியில் 200க்குள் இருந்தால் ஜி1, கவலையில்லை. தாண்டினால் ரசாயன வடிகட்டி போட்டு, அறைக்குள் லேசான மிகை அழுத்தம் வைக்க வேண்டும். ஸ்டோரேஜ் வாங்குகிற காசில் இந்தச் சோதனை ஒரு ஓரத்துக்குக் கூட வராது. வாரண்டி வாசகத்திலும் அரிக்கும் வாயு பற்றி ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

குறைந்தது இதையாவது செய்யுங்கள்: ஜன்னலை நிரந்தரமாக அடையுங்கள், கேபிள் நுழைகிற ஓட்டைகளை அடையுங்கள், ஸ்விட்ச்சில் பயன்படாத எஸ்எஃப்பிகளின் (ஃபைபரைச் செருகும் ஒளி அலகு) மூடியைக் கழற்றாதீர்கள். ஃபைபர் முனையைச் செருகும் முன் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். வெளியே வைக்கும் ஏசி கண்டென்சர் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துப்போகும், துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். ஏசியும் இரண்டு வேண்டும்.

அப்புறம் தரைத்தளமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை மறந்துவிட்டீர்களா?

யார்டு_ஐடி

மறக்கவில்லை அக்கா. முதல் மாடியில் ஒரு பழைய ரெக்கார்டு ரூம் இருக்கிறது, அதைக் கேட்டுப் பார்க்கிறேன். தளம் எடை தாங்குமா என்றுதான் பயம்.

எண்ணூர்_அக்கா

காகிதக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த அறை என்றால் ஏற்கெனவே நல்ல எடையைத் தாங்கியிருக்கும். இருந்தாலும் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். ரேக்கை உத்தரத்தின் மேல் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுவார். எட்டு எஸ்எஸ்டி உள்ள ஸ்டோரேஜை இருவர் தூக்கிவிடலாம். டீலர் என்றாவது நூறு கிலோவைத் தாண்டும் அடர்த்தியான டிஸ்க் பெட்டி எதையாவது கொண்டுவந்தால் அப்போது மறுபடி கேளுங்கள்.

தண்டையார்_ஃபைபர்

அக்கா சொன்னதோடு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். சிறிய ஸ்விட்ச்சுகளில் பவர் சப்ளை பெரும்பாலும் ஒன்றுதான், கழற்றவும் முடியாது. ஆகவே யுபிஎஸ் இரண்டு. ஸ்விட்ச் ஏ முதல் யுபிஎஸ்ஸில், ஸ்விட்ச் பி இரண்டாவதில். சர்வர், ஸ்டோரேஜ் எல்லாவற்றுக்கும் பவர் சப்ளை இரண்டு, ஒன்று இதில் ஒன்று அதில். இரண்டு ஸ்விட்ச்சையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகினால் இதுவரை எழுதியது எல்லாம் வீண்.

ஜெனரேட்டரில் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் சர்வர் மட்டும் இருக்கும். 2016 வர்தா புயலுக்குப் பிறகு மின்சாரம் எவ்வளவு நாள் வராமல் இருந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சர்வர் ஓடும், அறை சூடாகும், ஸ்டோரேஜ் தானே அணைந்துகொள்ளும்.

மொத்தமாக நின்றுபோனால் திரும்ப ஏற்றும் வரிசை: ஸ்விட்ச், பிறகு ஸ்டோரேஜ், அது முழுக்கத் தயாரான பிறகு சர்வர். நிறுத்தும்போது தலைகீழ். இதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள்.

ராயபுரம்_ரெய்டு

கிடங்குக் கட்டடம் 350 மீட்டர் என்றாரே, அதை யாரும் தொடவில்லை. 16 ஜி ஃபைபர் சேனல் ஓஎம்4 மல்டிமோடில் (குறைந்த தூரத்துக்கான ஃபைபர்) 125 மீட்டர்தான் போகும், ஓஎம்3இல் 100. டீலர் கொட்டேஷனில் மல்டிமோடு எஸ்எஃப்பிதான் இருக்கும். சிங்கிள் மோடு லாங்வேவ் போட்டால் 10 கிலோமீட்டர், தூரம் பிரச்சினையே இல்லை. ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோநொடி என்பதால் தாமதமும் கணக்கில் வராது.

ஆனால் அங்கே ஒரு சர்வரை வைத்து இந்தப் பக்கத்து டிஸ்க்கோடு கோர்ப்பதால் என்ன லாபம்? இந்தக் கட்டடம் மூழ்கினால் டிஸ்க்கும் இங்கேதானே மூழ்கும். உண்மையாகப் பிழைக்க வேண்டும் என்றால் அங்கே இரண்டாவது ஸ்டோரேஜ், இரண்டுக்கும் இடையே ஒத்திசைவு, இருவரும் பிரிந்தால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி. உங்கள் பட்ஜெட் அதற்கு இல்லை.

அங்கே பேக்கப் சர்வரை வையுங்கள். சொந்த டிஸ்க்கோடு, சானில் சேராமல், டொமைனிலும் சேராமல். 10 ஜி ஈதர்நெட் போதும். ஸ்டோரேஜ் எடுக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் பதிவு) அதே பெட்டிக்குள் இருக்கிறது, ரேன்சம்வேர் ஆள் (தரவைப் பூட்டிப் பணம் கேட்பவன்) அட்மின் பாஸ்வேர்டைப் பிடித்தால் முதலில் அதைத்தான் அழிப்பான். மின்ட் சார் ஆரம்பத்தில் கேட்ட ஒரே பெட்டி கேள்விக்கு என் பதில் இதுதான்.

வியாசை_வீலான்

அந்த 350 மீட்டருக்குச் செம்பு வயர் வேண்டவே வேண்டாம், இடி மின்னல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். ஆர்மர்டு சிங்கிள் மோடு ஃபைபர், தரைக்குள் குழாயில். ரீச் ஸ்டேக்கர் (கன்டெய்னர் தூக்கும் வண்டி) ஓடுகிற பாதைக்குக் கீழே போகிறதா என்று பார்த்து ஆழம் முடிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு கேபிள், யார்டின் இரண்டு ஓரமாக. இரண்டையும் ஒரே பள்ளத்தில் போட்டுவிட்டு மாற்று வழி இருக்கிறது என்று சொல்லும் கான்ட்ராக்டர்கள் நிறைய.

கொருக்கு_42

பழைய 8 ஜி ஸ்விட்ச் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே, இரண்டு வாங்கிப் போட்டால் என்ன? உங்கள் கணக்குப்படி நொடிக்கு 800 எம்பியே அதிகம்தானே.

தண்டையார்_ஃபைபர்

வேகத்துக்குப் போதும். ஃபைபர் சேனல் பொதுவாக இரண்டு தலைமுறை பின்னால் வரை பேசும்: 16 ஜி கார்டு 8, 4 வரை இறங்கும், 32 ஜி கார்டு 16, 8 வரை, 64 ஜி கார்டு 8க்கு இறங்காது. அடுத்த வருடம் வரும் சர்வரில் எந்தக் கார்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? பழைய ஸ்விட்ச்சுக்குப் புது ஃபர்ம்வேரும் வராது. ஸ்டோரேஜில் கோளாறு என்று சப்போர்ட்டைக் கூப்பிட்டால், பொருத்தப் பட்டியலில் இல்லாத ஸ்விட்ச் என்று போனை வைத்துவிடுவார்கள். லேபில் கற்றுக்கொள்ள வாங்குங்கள், அதற்கு அருமையான பொருள்.

எஸ்எஃப்பியும் அதே கதைதான். ரிச்சி தெருவில் பேட்ச் கார்டு வாங்கலாம், எஸ்எஃப்பியை ஸ்விட்ச் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். வேறு பிராண்டைச் சில ஸ்விட்ச்சுகள் ஏற்கவே ஏற்காது.

யார்டு_ஐடி

எல்லோருக்கும் நன்றி. முதல் மாடி அறை கிடைத்துவிட்டது, சாவி இனி என்னிடம். டீலரை உட்காரவைத்துப் பேசினேன். புதுக் கொட்டேஷன்: ஸ்விட்ச் இரண்டு, ஒற்றைப் போர்ட் கார்டு எட்டு, 3.84 எஸ்எஸ்டி எட்டு, யுபிஎஸ் இரண்டு. சிசிடிவி வெளியே. பழைய சர்வர் ஒன்று கிடங்கில் பேக்கப்புக்கு. விலை முதலில் சொன்னதைவிட ஏறியிருக்கிறது, ஆனால் முதலாளி 470, 3000 என்ற இரண்டு எண்ணைப் பார்த்ததும் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

ஒப்படைக்கும்போது என்ன சோதிக்க வேண்டும்? ஸ்விட்ச்சில் "24 போர்ட், 8 போர்ட் உரிமம்" என்று போட்டிருக்கிறது, அது சரிதானே?

ராயபுரம்_ரெய்டு

சோதனையை நேரலையில் விடும் முன் செய்யுங்கள். ஒரு விர்ச்சுவல் மெஷினில் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்க விட்டுவிட்டு, ஒரு சர்வரின் ஒரு ஃபைபரைப் பிடுங்குங்கள். நகல் ஓரிரு நொடி தயங்கித் தொடர வேண்டும். விண்டோஸ் டிஸ்க்குக்காக 60 நொடி பொறுக்கும், அதற்குள் வழி மாறாவிட்டால் அமைப்பில் கோளாறு. திரும்பச் செருகியதும் நான்கு வழியும் திரும்பி வந்ததா என்று எம்பிஐஓவில் பாருங்கள். பலர் பிடுங்குவதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து ஸ்விட்ச் ஏவின் மின்சாரம். அடுத்து ஒரு கன்ட்ரோலரை வெளியே இழுங்கள். கடைசியாக ஒரு யுபிஎஸ்ஸை அணையுங்கள். டீலர் முகம் வெளுத்தால் அந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

தண்டையார்_ஃபைபர்

8 போர்ட் உரிமம் என்றால் 24இல் எட்டைத்தான் பயன்படுத்தலாம், அது சரியில்லை. ஒரு ஸ்விட்ச்சில் இன்றைக்கே எட்டு போர்ட் நிரம்பிவிடுகிறது, ஒரு போர்ட் கெட்டால் மாற்ற இடம் இல்லை. அடுத்த வருடம் இரண்டு சர்வர் வந்தால் பத்து. இரண்டு ஸ்விட்ச்சிலும் 16 போர்ட் உரிமத்தை இப்போதே கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாகப் பிறகு வாங்கினால் பேரம் பேச முடியாது.

எஸ்எஃப்பி ஸ்விட்ச்சுக்கு எட்டு வீதம் 16, உதிரி 2, ஆக 18. ஸ்விட்ச்சோடு எத்தனை சேர்ந்து வருகிறது என்று கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் பக்கத்து எட்டு போர்ட்டுக்கு எஸ்எஃப்பி உள்ளே வருகிறதா, தனி வரியா என்றும் கேளுங்கள், அங்கேதான் வழக்கமாக விட்டுப்போகும். ஓஎம்4 எல்சி பேட்ச் கார்டு 16, உதிரி 4. இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டித்தான் செருக வேண்டும் என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.